காது குத்தும் கடையில் ஒரு பாடம்



பருப்பு வரத்து, எண்ணெய் விலை, வரிக் கணக்கு என்று எழுதி வந்தவன் காது குத்துவதைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று சிலர் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் படியுங்கள். நம்மில் பலர் கடையில் மளிகைக்கு எதிர்ப்புறம் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. வளையல், ரிப்பன், அட்டையில் குத்திய தோடு, ஜிமிக்கி எல்லாம் அதற்குள் இருக்கும். சில கடைகளின் வாசலில் 'கன் ஷாட் மூலம் வலியின்றிக் காது, மூக்கு குத்தப்படும்' என்று ஒரு போர்டும் தொங்குகிறது. அந்தப் போர்டு தொங்கும் கடைக்காரர்களை மனத்தில் வைத்தே இக்கட்டுரையை எழுதுகிறேன். மற்றவர்களுக்கும் இதில் சரக்கு உண்டு.

முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். 2003-ஆம் ஆண்டு என் மொத்தக் கடையில் மளிகையோடு பேன்சி சாமான்களும் வைத்திருந்தேன். அப்போது காது குத்தும் கன் ஒரு டஜன் கொள்முதல் செய்து, அதற்குரிய ஊசித் தோடு பெட்டிகளோடு சுற்று வட்டாரச் சில்லறைக் கடைகளுக்குக் கொடுத்தேன். நல்ல லாபம். கன் ஒரு முறைதான் விற்கும், தோடு மாதா மாதம் ஓடும். வாங்கியவர்களில் ஒருவர் ஒரு சிற்றூரில் கடை வைத்திருந்தவர். கல்லூரிப் பெண் ஒருத்தி வந்து மேல் காதில் குத்தச் சொல்லியிருக்கிறாள். இவரும் குத்திவிட்டார். எட்டாம் நாள் காது பணியாரம் போல் வீங்கி, மதுரைக்கு அழைத்து வந்து ஆஸ்பத்திரியில் கீறிச் சீழ் எடுக்கும்படி ஆயிற்று. பெண் பிழைத்துக்கொண்டாள். ஆனால் காதின் மேல் பாகம் சுருங்கி, காய்ந்த வெற்றிலை ஓரம் போல் மடிந்துவிட்டது.

வைத்தியச் செலவைக் கடைக்காரர் தலையில் கட்டினார்கள். அவர் நேரே என்னிடம் வந்து, "அண்ணாச்சி, நீங்க கொடுத்த சரக்குதானே?" என்றார். நான் பில்லை எடுத்துக் காட்டி, மெஷினில் பழுதில்லை, நீ குத்தின இடம் தப்பு என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வியாபார நியாயப்படி அது சரியான பதில் என்றே அன்று நினைத்தேன். அட்டைப் பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்ததைப் பிற்பாடுதான் பார்த்தேன். காதின் கீழ்ச்சதையில் மட்டுமே உபயோகிக்கவும் என்பது அதன் பொருள். விற்ற நானும் படிக்கவில்லை, வாங்கிய அவரும் படிக்கவில்லை. அத்தோடு பேன்சிப் பகுதியை நிறுத்திவிட்டேன். ஏன் அப்படி ஆயிற்று என்று மட்டும் இருபது வருடமாக யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

சென்ற ஆண்டு ஆடி மாதம் அதற்கு வேளை வந்தது. சென்னையில் வேலை பார்க்கும் என் மகன் வயிற்றுப் பேத்தி, வயது 22, மேல் காதில் 'இண்டஸ்ட்ரியல்' குத்தப் போவதாகப் போனில் சொன்னாள். மேல் விளிம்பில் இரண்டு துளை போட்டு, ஒரே கம்பியை இரண்டிலும் கோத்து, காதுக்குக் குறுக்கே தாழ்ப்பாள் போல் விடுவதாம். வீட்டில் அவளுடைய அப்பத்தா, "பொம்பளைப் பிள்ளை காதில் கம்பியா?" என்று ஆடித் தீர்த்துவிட்டாள். எனக்கோ அந்தக் கல்லூரிப் பெண்ணின் காதுதான் கண் முன் நின்றது. தடுத்தால் கேட்கிற வயதில்லை. "நீ குத்திக்கோ கண்ணு, ஆனால் கடைக்கு நானும் வருவேன்" என்றேன். "தாத்தா, நீங்க வந்தா அந்த ஆளைக் கேள்வி கேட்டே கொன்னுடுவீங்க" என்றாள். நடந்ததும் ஏறக்குறைய அதுதான்.

மேல் காது குத்துவது நமக்குப் புதிது என்று நினைப்பவர்கள் தங்கள் வீட்டுப் பழைய போட்டோக்களைப் பார்க்க வேண்டும். என் அப்பத்தா காதில் தோள் வரை தொங்கும் பாம்படத்தோடு மேல் காதில் கொப்பும் முருகும் இருந்தன. பத்தர் கூரிய கம்பியால் குத்துவார், கையால் குத்துவார். புதிதாக வந்தது துளை அன்று. அதை ஒரு தனித் தொழிலாக, தனிக் கடையாக நடத்துவதுதான் புதிது. அமெரிக்காவில் ஜிம் வார்டு என்பவர் 1975-இல் வீட்டிலிருந்தபடியே நகை செய்யத் தொடங்கி, 1978-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் 'காண்ட்லெட்' என்ற பெயரில் கடை திறந்தார். இத்தொழிலுக்கென்றே திறக்கப்பட்ட முதல் கடைகளில் அது ஒன்று. 1994-இல் அத்தொழிலார் நம்மைப் போலவே ஒரு சங்கம் கூட்டி, எந்த உலோகம், எப்படிச் சுத்தம் என்று தங்களுக்குத் தாங்களே விதி வகுத்துக்கொண்டார்கள். நான் போன சென்னைக் கடைக்காரர் அந்த விதிகளைத்தான் தானும் பின்பற்றுவதாகச் சொன்னார்.

அது ஒரு மாடிக் கடை. பேன்சிக் கடையின் பளபளப்பு எதுவும் இல்லை. முன்னறையில் நகைப் பெட்டி, உள்ளே பல் ஆஸ்பத்திரி நாற்காலி போல ஒன்று, அதற்கும் உள்ளே கதவு போட்ட ஓர் அறை. குத்துகிறவர் முப்பது வயதுத் தம்பி. பேத்தியின் அடையாள அட்டையை வாங்கி வயதைச் சரிபார்த்தார். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் குத்துவாராம். சர்க்கரை உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாயா, தழும்பு தடித்து வளரும் உடம்பா, சாப்பிட்டுவிட்டு வந்தாயா என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார்.

பிறகு கையைக் கழுவி, உறை மாட்டி, காதை விளக்கில் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். இரண்டு நிமிடம் கழித்து, "உங்களுக்கு இண்டஸ்ட்ரியல் வராது" என்று சொல்லிவிட்டார்.

நான் திடுக்கிட்டேன். வந்த வாடிக்கையை எந்தக் கடைக்காரன் திருப்புவான்? காரணம் கேட்டேன். மேல் காதின் விளிம்பு நன்றாக உள்ளே மடிந்திருந்தால்தான் கம்பி இரண்டு முனையிலும் பிடித்து நிற்கும். பேத்திக்கு விளிம்பு தட்டையாக இருக்கிறது. தவிரவும் நடுவிலுள்ள மேடு கம்பியில் உரசும். உரசினால் ஆறாது, ஆறாத துளையைக் கம்பி மெல்ல அறுத்துக்கொண்டே வெளியே வந்துவிடும் என்றார். இரண்டு துளைக்கும் கம்பிக்கும் சேர்த்து 6,500 ரூபாய் என்று போனில் சொல்லியிருந்தார். அதை வேண்டாமென்று ஒதுக்கிவிட்டார்.

பேத்தி முகம் வாடிவிட்டது. வேறு எது பொருந்தும் என்று கேட்டாள். காதுத் துவாரத்துக்குச் சற்று மேலே, உட்பக்கம் ஒரு குருத்து மடிப்பு இருக்கிறதல்லவா, தடவிப் பாருங்கள், அந்த இடம் இவளுக்கு நன்றாக அமைந்திருக்கிறதாம். அந்த இடத்துத் துளைக்கு 'டெய்த்' என்று பெயர். எரிக் டகோட்டா என்பவர் 1992 வாக்கில் கலிபோர்னியாவில் குத்திப் பரப்பியது. எபிரேய மொழியில் அறிவு என்று பொருள்படும் சொல்லிலிருந்து எடுத்த பெயர். "இது குத்தினா ஒத்தைத் தலைவலி போயிடும்னு என் சிநேகிதி சொன்னாளே" என்று பேத்தி ஆவலாகக் கேட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கணமே வியாபாரம் முடிந்திருக்கும். அந்தத் தம்பி, "அப்படி நிரூபணம் எதுவும் கிடையாது. அழகா இருக்கும், அவ்வளவுதான். தலைவலிக்கு டாக்டரைப் பாருங்க" என்றார். சத்து மாவு டப்பாவைக் கையில் கொடுக்கும்போது நாம் என்னென்ன சொல்லிக் கொடுக்கிறோம் என்பது எனக்கு நினைவு வந்தது. சரி, அதை விடுவோம்.

இனி உலோகம். இதுதான் நம் பெட்டியில் இருக்கிற சரக்கைத் தொடுகிற விஷயம். நிதானமாகச் சொல்கிறேன்.

நாம் விற்கும் தோட்டு அட்டைகளில் 'சர்ஜிகல் ஸ்டீல்' என்று அச்சிட்டிருக்கும். அந்தப் பெயருக்கு நிச்சயமான இலக்கணம் எதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் எதன் மேலும் அச்சிடலாம். வழக்கமாக அப்படிச் சொல்லப்படும் 316 எல் ரக எஃகில் நூற்றுக்குப் பத்து முதல் பதினான்கு பங்கு நிக்கல் இருக்கிறது. நல்ல எஃகில் நிக்கல் இறுகிப் பிணைந்திருப்பதால் வெளியே கசிவது மிகக் குறைவு. மலிவு உலோகத்தின் மேல் நிக்கல் முலாம் பூசி, அதன் மேல் பொன் வண்ணம் தீட்டிய தோட்டில் அது தாராளமாகக் கசியும். புதுத் துளை என்பது பச்சைப் புண். அதற்குள் கசிகிற நிக்கல் உடம்பில் ஒவ்வாமையை உண்டாக்கிவிடும். ஒரு முறை உண்டானால் ஆயுள் பரியந்தம் போகாது. பிறகு கைக்கடிகாரப் பட்டை, ஜீன்ஸ் பொத்தான் பட்டால்கூட அரிக்கும். 'கவரிங் போட்டாலே காது சீழ் பிடிக்குது' என்று பெண்கள் சொல்வார்களே, அவர்களில் பலருக்கு வம்பு இங்கேதான் தொடங்கியிருக்கும்.

ஐரோப்பிய நாடுகள் இதற்கு 1994-லேயே சட்டம் போட்டன. 2004-இல் திருத்திய கணக்குப்படி, துளைக்குள் நுழையும் தண்டிலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரத்துக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது. எவ்வளவு கலந்திருக்கிறது என்று பாராமல் எவ்வளவு கசிகிறது என்று அளக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் அதுதான் சரியான தராசு.

அந்தக் கடையில் புதுத் துளைக்குப் போடுவது டைட்டானியம். உடைந்த எலும்புக்கு உள்ளே வைக்கிறார்களே, அதே தரம். எஃப் 136 என்று அதற்கு எண் உண்டு. நான் விடாமல், "தம்பி, அது அந்தத் தரந்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். கோபித்துக்கொள்ளவில்லை. உலோக ஆலை கொடுத்த சான்றிதழின் நகலை எடுத்து வைத்தார். எந்த வார்ப்பு, என்னென்ன கலப்பு, எத்தனை பங்கு என்று அதில் இருந்தது. நகைப் பையிலும் வார்ப்பு எண். தங்கத்துக்கு 916 முத்திரை பார்க்கிற மாதிரி. எஃகு இதைவிட ஏறக்குறைய 1.8 மடங்கு கனம், ஆகவே கையில் வைத்தாலே வித்தியாசம் தெரியும் என்றார். காந்தம் வைத்துப் பார்ப்பது பலிக்காது. டைட்டானியமும் ஒட்டாது, 316 எல் எஃகும் ஒட்டாது. நீலம், ஊதா, பொன் வண்ணங்களில் வரும் டைட்டானியத்தில் சாயம் எதுவும் இல்லை, மின்சாரம் பாய்ச்சி மேற்பரப்பில் உண்டாக்கும் மெல்லிய படலமே அந்த வண்ணம் காட்டுகிறது என்பதும் எனக்குப் புதிய செய்தி.

நம் கடைக்கு உபயோகமான ஒன்றையும் சொல்லிக் கொடுத்தார். டைமெத்தில்கிளையாக்சைம் என்று ஒரு திரவம். சுருக்கமாக டி.எம்.ஜி. அதன் பரிசோதனைப் புட்டி சிறியதாக விற்கிறது. பஞ்சில் இரண்டு சொட்டு விட்டுத் தோட்டின் தண்டை அரை நிமிடம் தேய்த்தால், நிக்கல் கசிகிற சரக்கில் பஞ்சு ரோஜா நிறமாகிவிடும். ஊருக்குத் திரும்பியதும் வாங்கி, எங்கள் தெருவில் இரண்டு கடைகளின் தோட்டு அட்டைகளில் செய்து பார்த்தேன். 'நிக்கல் ஃப்ரீ' என்று அச்சிட்ட அட்டை ஒன்றில் பஞ்சு பஞ்சுமிட்டாய் போலச் சிவந்தது. கடைக்காரர் அட்டையை வாங்கி உள்ளே போட்டுவிட்டார். சப்ளையருக்குத் திருப்பினாரா என்று நான் கேட்கவில்லை.

நம்முடைய 22 காரட் தங்கம் நல்லதுதானே என்று கேட்பீர்கள். ஆறிய காதுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்! ஆனால் அது மிருதுவானது, எளிதில் கீறல் விழும், கீறலில் அழுக்குத் தங்கும், மேல் காதில் புதுத் துளைக்கு அது சரிப்படாது என்பது அவர் கட்சி. கம்பியின் மரையையும் காட்டினார். குண்டைத் திருகும் மரை தண்டின் வெளிப்புறத்தில் வெட்டியிருந்தால், நுழைக்கும்போது அரம் போலப் புண்ணை ராவும். நல்ல சரக்கில் மரை தண்டுக்கு உள்ளே இருக்கும். ஊசிக்குக் கம்பிக் கணக்குதான்: எண் குறையக் குறையத் தடிமன் கூடும். 20 கேஜ் என்றால் 0.8 மில்லிமீட்டர், 16 கேஜ் 1.2, 14 கேஜ் 1.6. பேத்திக்குப் போட்டது 16.

இப்போது கன்னுக்கு வருகிறேன். இருபது வருடமாக என் மனத்தில் கிடந்த கேள்வி இதுதான்.

காதின் கீழ்ச்சதையில், அதாவது சோணையில், ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது. அது ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆறிவிடும். மேலே இருப்பது குருத்தெலும்பு. அதற்கென்று சொந்த ரத்தக் குழாய் கிடையாது, மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய தோல் படலத்திலிருந்துதான் ஊட்டம் வாங்கிக்கொள்கிறது. அதனால் ஆறுவதற்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும். கிருமி புகுந்தால் மருந்தும் அங்கே எளிதில் போய்ச் சேராது. சீழ் கட்டி அந்தப் படலத்தைக் குருத்திலிருந்து பிரித்துவிட்டால் குருத்து பட்டினி கிடந்து செத்துப்போகும். காது சுருங்குவது அதனால்தான்.

குத்துவதற்கென்று செய்த ஊசி உள்ளே குழலாக, நுனி கத்தி போலச் சீவியிருக்கும். வழியை வெட்டிக்கொண்டு போகும். கன்னோ மொட்டைத் தோட்டை ஸ்பிரிங் வேகத்தில் அடித்து ஏற்றுகிறது. சோணைச் சதை அதைத் தாங்கிக்கொள்ளும். குருத்து நசுங்கும், சில சமயம் விரியும். தோட்டின் தண்டும் குட்டை. வீக்கத்துக்கு இடமில்லாமல் பின்னால் பட்டாம்பூச்சித் திருகு அழுத்திப் பிடித்துக்கொள்ளும், அதன் சுருளுக்குள் சீழும் அழுக்கும் அடையும். இத்தனைக்கும் மேலே, கன்னின் உடம்பு பிளாஸ்டிக். அதை வேக வைத்துச் சுத்தம் செய்ய வழியில்லை, துடைக்கத்தான் முடியும். ஒருவர் காதில் தெறித்த ரத்தத் துளி கண்ணுக்குத் தெரியாமல் அதில் ஒட்டியிருக்கும். ஹெபடைடிஸ் பி என்னும் மஞ்சள் காமாலைக் கிருமி உடம்புக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும்.

துடைத்தால் போதாதா, டெட்டால் போட்டால் போதாதா என்போருக்கு ஒரு சம்பவம். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் 2000-ஆம் ஆண்டு, நம் பேன்சிக் கவுண்டர் மாதிரி ஒரு சிறு நகைக் கடையில் மேல் காது குத்திக்கொண்டவர்களுக்கு வரிசையாகக் காது வீங்கியது. சுகாதாரத் துறையார் வந்து விசாரித்ததில் 7 பேருக்குக் கிருமி உறுதியானது, மேலும் 18 பேருக்குச் சந்தேகம். பெரும்பாலும் இளவயதுப் பிள்ளைகள். சிலருக்குக் காதின் வடிவம் கெட்டுப்போயிற்று. சூடோமோனாஸ் என்ற அந்தக் கிருமி எங்கே இருந்தது தெரியுமா? கடையில் வைத்திருந்த கிருமிநாசினிப் புட்டியிலேயே இருந்தது. சுத்தம் செய்கிறோம் என்று நினைத்துக் கிருமியைத்தான் தெளித்திருக்கிறார்கள். கிருமி உறுதியானவர்கள் எல்லாம் குருத்துப் பகுதியில் குத்தியவர்கள்.

என் பேன்சிக்காரர் என்ன புட்டி வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் கன்னோடு சேர்த்து விற்ற நான் ஒரு புட்டி மருந்தையும் இனாமாகக் கொடுத்தேன். அதைத் தீர்ந்ததும் எப்படி நிரப்புவது என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

உள்ளறையில் இருந்தது ஆட்டோகிளேவ். நம் வீட்டுக் குக்கரின் பெரியண்ணன். குக்கர் 15 பவுண்டு அழுத்தத்தில் ஏறக்குறைய 121 டிகிரி சூட்டை எட்டுகிறது. இதுவும் அந்தச் சூட்டில் 15 நிமிடத்துக்கு மேலோ, 134 டிகிரியில் சில நிமிடமோ ஓடும். ஆனால் உள்ளே காற்று தங்கினால் நீராவி புகாத மூலைகள் மிஞ்சும். அதனால் முதலில் காற்றை முழுக்க வெளியேற்றுகிறது. வெந்நீரில் கொதிக்க வைப்பதும் ஸ்பிரிட்டில் துடைப்பதும் கிருமிகளின் வித்துகளைக் கொல்லாது. ஒவ்வொரு பையிலும் ஒரு பட்டை ஒட்டியிருக்கிறது, சூடு ஏறினால் நிறம் மாறும். இது போதாதென்று குறித்த காலத்துக்கு ஒரு முறை உயிருள்ள வித்துகள் அடங்கிய குப்பியை உள்ளே வைத்து ஓட்டி, செத்ததா என்று பார்க்கிறார்கள். அந்த முடிவுகளைத் தேதிவாரியாக ஒரு பேரேட்டில் எழுதி வைத்திருந்தார். எழுத்து கோணல்தான், ஆனால் விடுபட்ட தேதி இல்லை. நாற்பது வருடம் பேரேடு எழுதியவன் சொல்கிறேன், அந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் பேத்தியின் காதை நம்பிக் கொடுத்தேன்.

குத்தியது நொடிப் பொழுது. மையால் புள்ளி வைத்துக் கண்ணாடியில் காட்டி இவள் சம்மதம் வாங்கினார். ஊசிப் பையை எங்கள் கண்ணெதிரே கிழித்தார். "மூச்சை உள்ளே இழுங்க, இப்ப விடுங்க" என்றார். விடும்போது ஊசி போய்விட்டது. பேத்தி என் கையை இறுக்கியதில்தான் எனக்கு வலி. ஊசி அப்போதே தடித்த டப்பாவுக்குள் போயிற்று, மறுபடி வெளியே வராது. வளைந்த டைட்டானியக் கம்பி, இரு முனையிலும் சிறு குண்டு. பில் 3,800 ரூபாய். நம் ஊரில் கன்னில் குத்தினால் இதில் எத்தனை காது குத்தலாம் என்று பழக்கதோஷத்தில் மனக்கணக்கும் போட்டேன்.

பின் பராமரிப்பில்தான் வீட்டில் சண்டை. பொங்கலுக்கு வந்தவளை உட்கார வைத்து, "வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைச்சுப் போட்டா மூணு நாள்ல ஆறும்" என்று அப்பத்தா கிண்ணத்தோடு வந்துவிட்டாள். சோணைக்கு அது தலைமுறை தலைமுறையாகச் செய்ததுதான். குருத்துத் துளையில் எண்ணெய் காற்றை அடைத்து அழுக்கை ஒட்ட வைக்கும். கடைக்காரர் சொன்னது 0.9 சதவீத உப்புக் கரைசல், கிருமி நீக்கி அடைத்து வருவது. தினம் இரண்டு வேளை அதைத் தெளிக்க வேண்டும், உலர விட வேண்டும், அவ்வளவே. வீட்டில் உப்பு கரைத்தால் அளவு தப்பும். கம்பியைச் சுழற்றக் கூடாது. நாமெல்லாம் 'திருப்பி விடு, ஒட்டிக்கும்' என்று சொல்லித்தானே அனுப்புகிறோம்? சுழற்றினால் உள்ளே கட்டிய புதுத் தோல் கிழிகிறது. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கக் கூடாது, காதுக்குள் வைக்கும் இயர்போன் கூடாது. அப்பத்தா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்த் தன் முழங்காலில் தடவிக்கொண்டாள்.

நான்காம் மாதம் துளையோரம் ஒரு சிறு கொப்புளம் கிளம்பிற்று. எனக்குத் தூக்கம் போய்விட்டது. அந்தக் கடைக்கே போனாள். தலையணை அழுத்தந்தான், சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை என்று பார்த்துச் சொல்லி, காசு வாங்காமல் அனுப்பினார். காது முழுக்கச் சிவந்து சூடாகி, தொட்டால் வலித்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போக வேண்டும், கம்பியைத் தானாகக் கழற்றக் கூடாது, கழற்றினால் துளை மூடிச் சீழ் உள்ளே நின்றுவிடும் என்றும் சொல்லியிருக்கிறார். இப்போது ஒன்பது மாதம் முடிந்தது. காது நன்றாக இருக்கிறது.

கவுண்டரில் காது குத்தும் நண்பர்களுக்கு என் யோசனை இது. மேல் காது, மூக்கு இரண்டும் கன்னால் இனி வேண்டாம். "எங்களால் முடியாது" என்று சொல்லி ஊசியால் குத்துகிறவரிடம் அனுப்புங்கள். சோணையும் குத்தியே ஆக வேண்டும் என்றால், கிருமி நீக்கித் தனித்தனியே அடைத்து, ஒரு காதுக்கு ஒன்று என்று எறிந்துவிடும் கேசட் வகைக் கருவி வந்திருக்கிறது. ஸ்பிரிங் அடி இல்லாமல் கையால் அழுத்துவது. பழைய கன்னைவிட அது மேல். கைக்குழந்தையைக் கொண்டு வந்தால் தடுப்பூசிகள் போட்டாயிற்றா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தோட்டுச் சரக்குக்குச் சப்ளையரிடம் நிக்கல் கசிவுச் சோதனை அறிக்கை கேளுங்கள். கொடுக்காதவரிடம் வளையல் வாங்குங்கள், தோடு வாங்காதீர்கள். கிருமிநாசினிப் புட்டியை ஒருபோதும் மறு நிரப்பு செய்யாதீர்கள்.

இதையெல்லாம் எழுதுவதற்கு முன் அந்தச் சிற்றூருக்குப் பஸ் ஏறிப் போனேன். என்னிடம் பில்லைப் பற்றிக் கேட்ட கடைக்காரர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. மகன் கடையை நடத்துகிறார். அந்தப் பெண் கல்யாணமாகிக் கோயம்புத்தூர்ப் பக்கம் இருக்கிறாள், தலைமுடியைக் காது மறையத்தான் எப்போதும் விடுவாள் என்று சொன்னார். கன் கல்லாப் பெட்டிக்கு அடியில் இன்னும் இருந்தது. கார்த்திகை, தை மாதங்களில் குலதெய்வக் கோயிலுக்கு வருகிற குழந்தைகளுக்கு அதைத்தான் எடுப்பாராம். நான் விஷயத்தைச் சொன்னேன். முதலில், "சோணைக்குத்தானே அண்ணாச்சி, அப்பா காலத்திலேர்ந்து ஒண்ணும் ஆகலையே" என்றார். நான் ஓரிகன் புட்டிக் கதையைச் சொன்னதும் எழுந்து போய்த் தன் புட்டியைப் பார்த்தார். எத்தனை முறை நிரப்பியது என்று அவருக்கே நினைவில்லை. போர்டைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, கன்னையும் மிச்சத் தோட்டுப் பெட்டிகளையும் என் கையில் கொடுத்தார். அவர் அப்பாவின் பெயரில் என் பேரேட்டில் 2003-ஆம் வருடத்துப் பக்கம் இன்னும் இருக்கிறது. அன்றைய பில் விலைக்கே வரவு வைத்து, இந்த மாதத்துப் பருப்புக் கணக்கில் கழித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.